தங்கையின் மகளுக்குச் சுற்றிப்போட்ட மிளகாய்

டென்னிஸ் விளையாட்டை நான் கற்றுக்கொண்டது என் தங்கையின் மகள் தோற்பதைப் பார்ப்பதற்காக. இதைக் கொஞ்சம் அழகாகச் சொல்லவும் எனக்குத் தெரியும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, நம்முடைய இரத்தம், அவள் ஆடுவதைக் காண ஆசைப்பட்டேன் என்று எழுதினால் யார் வந்து மறுக்கப்போகிறார்கள்? ஆனால் பேரப்பிள்ளை கண்ட வயதில் என்னத்துக்கு அந்த மினுக்கல். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தபடியால் பார்த்தேன்.

எங்கள் ஊர் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் போகிற வழியில் உள்ளே திரும்பினால் ஆற்றோரம் இருக்கிறது. வாவி என்று எழுதுவார்கள்; நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. குடி என்று நாங்கள் சொல்கிற வம்சமும் தாய்வழிதான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் வீடில்லாத பெண்ணை, அவள் ரதியாக இருந்தாலும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அம்மா தான் இருந்த வீட்டை எனக்குத் தந்தார். வேலிக்கு அப்பால் ஆறுவரைக்கும் இறங்குகிற வெறும் வளவைத் தங்கைக்கு எழுதினார். தங்கை கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியனைக் கண்டு கட்டிக்கொண்டு, சண்டைக் காலத்தில் சுவிஸுக்குப் போய்விட்டாள். வளவு பற்றை பிடித்துக் கிடந்தது.

எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் கல்யாணம் முடித்தபோது வழக்கப்படி அம்மாவின் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் கணவரும் இளையவளும் வேலிக்கு அப்பால் தங்கையின் வளவுக்குப் போனோம். "இரு கா, சும்மாதானே கிடக்கு" என்று தங்கை போனில் சொன்னாள். பற்றை வெட்டினோம், கிணறு கட்டினோம், கல்லு வீடு ஒன்று எழுப்பினோம், தென்னை வைத்தோம். இருக்க இருக்க, அது அவளுடைய மண் என்பது எனக்கு அயத்துப்போனது. நினைவூட்டியவர் இளையவளுக்குக் கேட்டுவந்த மாப்பிள்ளையின் தாய்.

இளையவள் ஊரில் முன்பள்ளி ரீச்சர். பக்கத்து ஊர்ப் பொடியன் ஒருவனும் அவளும் விரும்பினார்கள். நல்ல பிள்ளை, குடிவெறி இல்லை, வயல்வட்டையில் தகப்பனோடு இறங்கி வேலை செய்கிறவன். அவனுடைய தாய் கல்யாணப் பேச்சுக்கால் பேச வந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார்.

"வளவு ஆர்ட பேரில இரிக்கு?" என்றார்.

"தங்கச்சிட பேரில."

"அப்ப தங்கச்சிட மகளுக்குத்தானே போகும்." தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தார். "எனக்கு உங்கட பிள்ளையப் புடிச்சிரிக்கு. ஆனா என்ட மகன் ஆர்டயோ வளவுல வந்து குந்தியிருக்க ஏலாது. வெள்ளாம வெட்டி முடியிறதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அன்று இளையவள் சாப்பிடவில்லை. "பாத்துக்கலாம் புள்ள" என்று சொன்னேன். எதைப் பார்ப்பது? வளவின் சொந்தக்காரி எங்கேயோ ஒரு தேசத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பந்தடியின் கதையைச் சொல்லவேண்டும். தங்கையின் கணவர் சுவிஸில் ஒரு டென்னிஸ் கழகத்துச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். தங்கை வேறு இடத்தில் துப்புரவு வேலை. பிள்ளையை வைத்துப் பார்க்க ஆளில்லை. தகப்பன் கோப்பை கழுவி முடியுமட்டும் பிள்ளை வெளியே சுவரோடு பந்து தட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு பயிற்றுநர் கண்டிருக்கிறார். "பிள்ளைக்கு நல்ல கை இருக்காம் கா" என்று தங்கை முதல்முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். "கையிரிந்தா ரெண்டு கோப்பையக் கழுவச் சொல்லு, தகப்பனுக்கு உதவியா இரிக்கும்" என்றேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பே வரவில்லை.

முதலில் சின்னக் கோப்பைகள் வந்தன. பிறகு பெரிய கோப்பைகள். பிறகு அந்த ஊர்ப் பேப்பரில் படம். பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதையே தொழிலாக ஆடப்போகிறாள் என்று செய்தி. தங்கை வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் இருந்த தட்டில் கோப்பைகள் கூடிக்கொண்டே வந்தன. தங்கை எங்கே இருந்து பேசினாலும் அந்தத் தட்டு எப்படியோ படத்துக்குள் வந்துவிடும். அவள் வேணுமென்றுதான் அப்படி வைத்துப் பேசுகிறாள் என்று நான் கணவரிடம் சொன்னேன். "சின்ன வீடு, வேற எங்க வைப்பாள்?" என்றார் அவர். என்னுடைய மனிதர் எப்போதும் இப்படித்தான், நியாயம் பேசி என் எரிச்சலைக் கூட்டுவார்.

ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் உடுப்பு கொண்டுவருகிற ஒரு வியாபாரி இருக்கிறார். நல்ல மனிசன். ஒருநாள் மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, "உங்கட தங்கச்சிட புள்ளையாமே, பந்தடிக்கிற? என்ட மகள் போனுல காட்டினா. மாஷா அல்லாஹ், என்னா அடி!" என்றார். அன்று இளையவளுக்கு ஒரு சீத்தைச் சட்டை எடுக்க இருந்தேன். எடுக்கவில்லை. பாவம் அந்த மனிசன், என்ன பிழை விட்டோம் என்று தெரியாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்.

ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்டால், வளவு மட்டும் காரணம் இல்லை. அந்தக் கை என்னுடைய கை. நான் பள்ளிக்கூடத்தில் எல்லே அடித்தவள். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு. நான் அடித்தால் பந்து மைதானத்தைத் தாண்டும். எங்கள் பள்ளிக்கூடம் நான் அடித்துத்தான் வலயத்தில் வென்றது. மாகாணத்துக்குப் போக இருந்த வருசம் ஷெல் விழத் தொடங்கியது, பள்ளிக்கூடம் அகதி முகாமானது, நான் அங்கேயே பாய் போட்டுப் படுத்தேன். தங்கைக்குப் பந்தைப் பிடிக்கவும் தெரியாது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்படிப்பட்டவளுடைய வயிற்றில் என்னுடைய கை போய்ப் பிறந்திருக்கிறது! என் பிள்ளைகள் இரண்டும் தகப்பனைப் போல, கல்லெறிந்தால் பக்கத்து வளவுக்கும் போகாது. கடவுளுக்குக் கண்ணில்லை என்பது சும்மா சொல்கிற பேச்சில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. அவள் கொஞ்சம் பேர் எடுத்ததும் தகப்பனுடைய ஊரில் அவளுடைய படத்தைப் போட்டு, எங்கள் மண்ணின் மகள் என்று பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். இளையவள் போனில் காட்டினாள். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "அதென்ன அவங்கட மண்? புள்ள தாய்ட குடி. அவள் எங்கட புள்ள!" என்று கத்தினேன்.

"நேத்துத்தானே அம்மா அவளத் திமிர் புடிச்சவள் எண்டீங்க?" என்றாள் இளையவள்.

"திமிர் புடிச்சவள்தான். அதுக்காக யாழ்ப்பாணத்தானுக்குக் குடுக்கவா?"

இப்படியாக நான் அவளுடைய ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினேன். பெரிய போட்டிகள் என்று நினைக்கவேண்டாம். அவள் ஆடியதெல்லாம் அடியில் இருந்து ஏறுகிறவர்கள் ஆடுகிற சின்னப் போட்டிகள். ஒருவாரம் ஒரு நாடு, அடுத்தவாரம் இன்னொன்று. ஒற்றைக் கமெரா ஓர் இடத்தில் நிற்கும். விளக்கம் சொல்ல ஆளில்லை. பார்க்க வந்தவர்கள் என்று இரண்டு நாற்காலியில் யாராவது குந்தியிருந்தால் பெரிய விசயம். அங்கே காலை என்றால் எங்களுக்குப் பகல் சோறு தின்று முடிந்த நேரம். கணவர் சாய்மனைக் கதிரையில் கண் மூடுவார். இளையவள் முன்பள்ளியால் வந்து போனில் எடுத்துத் தருவாள். நான் வெற்றிலைத் தட்டோடு நிலத்தில் உட்காருவேன்.

கணக்கு விளங்கச் சில நாள் எடுத்தது. பதினைந்து, முப்பது, பிறகு நாற்பது. நாற்பத்தைந்து எங்கே போனது என்று கேட்டேன், இளையவளுக்கும் தெரியவில்லை. தெரியாமலே பழகிவிட்டது. எந்த இடத்தில் அவள் தடுமாறுவாள், எந்தப் பெண்ணிடம் அடி வாங்குவாள் எல்லாம் எனக்கு விளங்கத் தொடங்கியது. அவள் பந்தை மேலே எறிந்து அடிக்கப்போகும்போது, "நெட்டுல போடு, நெட்டுல போடு" என்று வெற்றிலைச் சாற்றோடு முணுமுணுப்பேன். போட்டாளென்றால் மனதுக்குள் பால் வார்த்ததுபோல இருக்கும். இளையவள் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே போனைப் பிடித்திருப்பாள். கணவர் முழித்து, "ஆர் வெண்ட?" என்று கேட்பார். "நம்மட புள்ள தோத்திற்றாள்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்லிவிட்டு எழும்பிப்போய் ஆடு, மாட்டுக்குத் தண்ணி வைப்பேன். அன்றைக்கு வேலை எல்லாம் கெதியாக முடியும்.

அவள் வென்ற நாளும் உண்டு. அதுதான் அதிகம். அந்த நாளில் கறிக்கு உப்புக் கூடும்.

ஒரு கட்டத்தில் அவள் தொடர்ந்து தோற்கத் தொடங்கினாள். போகிற இடமெல்லாம் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. எனக்கு நல்ல காலம் என்று நினைத்திருந்தேன். ஒரு பின்னேரம் தங்கை அழுதுகொண்டு கூப்பிட்டாள்.

"அக்கா, பிள்ளைக்கு நாவூறு பட்டிரிக்கு. ஆரோ ஒருத்திட கண்தான். இஞ்ச இதெல்லாம் ஆருக்கிட்டச் சொல்ல? நீதான் கா கழிச்சுவிடணும்."

கண்ணூறு போட்டவளிடமே கழிப்புக்கு வந்திருக்கிறாளே! ஆனால் முடியாது என்று எப்படிச் சொல்வது? வளவுக் கதையை அப்போதுதான் மெல்லத் தொடங்கியிருந்தேன். "அழாத புள்ள, நான் பாக்கிறன்" என்றேன். பிள்ளையை வீடியோவில் வரச்சொன்னேன். அவள் வந்தாள், வியர்வையோடு, முகம் வாடி. இளையவள் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொள்ள, நான் செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் கையில் பொத்தி அந்தப் போனை மூன்று தரம் சுற்றினேன். "கண்ட கண்ணு, காணாத கண்ணு, ஊரார் கண்ணு, உறவார் கண்ணு" என்று சொல்லும்போது உறவார் என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை.

அடுப்பில் போட்டேன். மிளகாய் எரிந்தால் வீடே இருமவேண்டும். நாவூறு இருந்தால்தான் கமறாது. அன்றைக்கு ஒரு கமறலும் இல்லை. மிளகாய் கருகிச் சாம்பலானது, யாரும் தும்மக்கூட இல்லை. "கமறல்லியா? பாத்தியா, நான் சொன்னன்!" என்று தங்கை போனுக்குள் இருந்து கத்தினாள். அடுத்தநாள் அம்மாள் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டேன். கண்ணகை அம்மாளே, நான் ஆசைப்படுகிறேன்தான், எரிகிறேன்தான், ஆனால் பிள்ளையின் கை காலில் ஒன்றும் வந்துவிடக்கூடாது, தோற்றால் மட்டும் போதும் என்று அம்மாளோடு பேரம் பேசினேன். இப்படி ஒரு நேர்த்தி அந்தக் கோயிலில் யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

அந்தக் கிழமை அவள் வென்றாள். முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம், கடைசியில் கோப்பையும் எடுத்தாள். தொழிலாக ஆடத் தொடங்கி அவள் எடுத்த முதல் கோப்பை அது. தங்கை என்னைத் தலையில் தூக்கி வைத்தாள். "உன்ட கையாலதான் கா, உன்ட கையாலதான்!" அதிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் நான் மிளகாய் சுற்றவேண்டியதாயிற்று. பிள்ளையும் வந்து அடக்கமாக நிற்பாள். அவள் ஏறிக்கொண்டே போனாள். ஊரில் என்னைக் கண்டவர்கள் எல்லாம், "பெரியம்மா எண்டா இப்பிடித்தான் இரிக்கணும்" என்றார்கள். என் எரிச்சலுக்கு நானே நெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். தோற்கவேண்டும் என்று பார்த்தவளே வெல்வதற்குச் சுற்றிப்போடுகிறாள். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழுவது?

இதற்குள் வயலில் கதிர் முற்றத் தொடங்கியது. தங்கையிடம் வளவைப் பற்றி நேராகவே கேட்டேன்.

"எனக்கு ஒண்டுமில்ல கா. ஆனா அது உன்ட வளவு, உன்ட வளவு எண்டு சின்னனில இரிந்து சொல்லிச் சொல்லி வளத்திற்றன். அவள்ட்டக் கேக்காம நான் எழுத ஏலா."

"அப்ப கேளன்."

"இந்த மட்ச் முடியட்டும் கா. மறுகா கேக்கன்."

அந்த மட்ச் முடியவே இல்லை. வென்றால் அடுத்த ஆட்டம் இருக்கிறது, பிள்ளையைக் குழப்பக்கூடாது. தோற்றால் பிள்ளை அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள், கேட்கிற நேரமா இது? அவள் எப்படிப் போனாலும் என் மகளின் கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றது. இளையவள் ஒருநாள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே, "விடுங்கம்மா, அவங்க வேற இடம் பாக்கட்டும்" என்றாள். முகத்தைக் காட்டவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தங்கையின் மகள் மேல் வந்தது வெறும் பொறாமை இல்லை, ஆத்திரம். ஊர் ஊராக உலகம் சுற்றுகிறவளுக்கு இந்த ஆற்றோரத்து மண் என்னத்துக்கு? என் பிள்ளைக்கு இருக்கிற ஒரே உலகம் இதுதானே?

பிறகு கொழும்பில் ஒரு போட்டிக்கு அவள் வந்தாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். நான் வழக்கம்போலப் பார்த்தேன், வழக்கம்போல மகிழ்ந்தேன். வெற்றிலையை மென்று முடிக்கவில்லை, தங்கை கூப்பிட்டாள்: "அக்கா, அவளுக்கு இப்ப ஒரு வேலையும் இல்ல. நாளைக்கு ரெயிலில அங்க வாறாள். பாத்துக்கொள் கா." இதுவரை அவள் எங்கள் ஊரைக் கண்டதே இல்லை.

ரெயிலடியில் இருந்து அவளை ஏற்றிவந்த வான் வந்து நின்றபோது ஊரே எங்கள் வேலியோரம் நின்றது. அவள் இறங்கினாள். படத்தில் பார்த்ததைவிட உயரம். கறுப்பு, நல்ல எலும்பு, தோளில் இருந்து இறங்குகிற அந்த நீட்டுக் கை. பதினாறு வயதில் கண்ணாடியில் நான் பார்த்த கை. எல்லோரும் அவளோடு படம் எடுக்க முண்டியடித்தார்கள். என் இளையவள் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருத்தியைப் படம் எடுக்க ஊர் நிற்கிறது, மற்றவள் பை தூக்குகிறாள். அந்தப் பையைப் பிடுங்கி ஆற்றில் எறியவேண்டும்போல இருந்தது எனக்கு.

அவள் பேசியது தகப்பனின் யாழ்ப்பாணத் தமிழ். அதுவும் எனக்குக் குத்தியது. ஆனால் சோறு போட்டபோது, "காணும் பெரியம்மா, மறுகா சாப்பிடுறன்" என்றாள். பிறகு என்னாமல் சொன்ன அந்த 'மறுகா' எங்களுடையது. தங்கை எப்போதோ ஊட்டிவிட்டது. இறால் கறியை விரலைச் சூப்பிச் சாப்பிட்டாள். பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

அடுத்தநாள் பின்னேரம் ஊர்ச் சனம் கலைந்த பிறகு, வளவைப் பார்க்கவேண்டும் என்றாள். கேட்கவேண்டியதை நான் இரவெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். கிணற்றடியில் தொடங்கி, நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி, மகளின் கல்யாணத்துக்கு வந்து, அவள் கொஞ்சம் தயங்கினால் அழுவதாக இருந்தேன். அழுகையும் தயாராக இருந்தது. அவள் தென்னைகளைத் தொட்டுத் தொட்டு ஆற்றங்கரைவரை போனாள். அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"பெரியம்மா," என்று அவள்தான் முதலில் பேசினாள். "இந்த வளவை சின்னக்கான்ர பேரிலை எழுதச் சொல்லி அம்மாட்டைச் சொல்லிப்போட்டன். இண்டைக்குக் காலமைதான் சொன்னனான்."

"ஏன் மகள்?" என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா சின்ன வயசிலையிருந்து சொல்லுவா, உனக்கு ஊரிலை ஆத்தோரம் ஒரு வளவு இருக்கு எண்டு. தோத்துப்போட்டு ஹோட்டல் அறையிலை தனிய இருக்கேக்கை இதைத்தான் நினைக்கிறனான். எங்கையாவது எனக்கெண்டு ஒண்டு இருக்கு எண்டு." அவள் காலால் மண்ணைத் தட்டினாள். "ஆனா இப்பதான் தெரிஞ்சுது, எனக்கு இருக்கிறது இது இல்லை. அம்மா என்ர மட்ச் ஒண்டும் பாக்கிறேல்லை, பயம் அவவுக்கு, கண்ணை மூடிக்கொண்டு இருப்பா. அப்பாவுக்கு வேலை. நான் விளையாடுற இடங்களிலை ஒருத்தரும் இருக்கமாட்டினம். வெறும் கதிரை. ஒரு கமெரா. ரெண்டு வருசத்துக்கு முன்னம் விடுவம் எண்டு நினைச்சனான். அப்பதான் சின்னக்கா மெசேஜ் போட்டவ, பெரியம்மா உன்ர ஒரு மட்சும் விடாமல் பாக்கிறா எண்டு. அதுக்குப் பிறகு நான் அந்தக் கமெராவைக் கமெரா எண்டு நினைக்கிறேல்லை. நீங்கள் இருக்கிறீங்கள் எண்டுதான் நினைச்சு அடிக்கிறன்."

ஆற்றில் இருந்து காத்து வந்தது. நான் தென்னையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் தோக்கிற மட்சையும் கடைசிவரை பாக்கிறனீங்களாம். ஏன் பெரியம்மா?" என்றாள். "அம்மாவாலையே ஏலாததை நீங்கள் என்னெண்டு பாக்கிறனீங்கள்?"

கேட்கத்தான் கேட்டாள். சந்தேகப்பட்டு அல்ல, அறிய ஆசைப்பட்டு. பதிலுக்குக் காத்திருந்தாள். எனக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகளோடு இளையவள் வந்து நின்றாள். அவளும் காத்திருந்தாள். பக்கத்தில் இருந்து என்னுடைய முணுமுணுப்பையெல்லாம் கேட்டவள் அவள்.

"பாசம்தான் மகள்," என்றேன். "வேற என்னத்துக்கு?"

அவள் குனிந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நல்ல பலமான கை. நான் தயாராக வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது, கேட்காமலே. அவள் தோளுக்கு மேலால் இளையவளின் முகம் தெரிந்தது. அவள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை போன பிறகு அடுப்படியில் இளையவளைப் பிடித்தேன். "அவளுக்கு என்னடி எழுதினாய்?"

"நான் ஒரு பொய்யும் எழுதல்லம்மா. ஒரு ஆட்டமும் விடாம அம்மா பாக்கிறா எண்டுதான் எழுதின. ஏன் பாக்கிறா எண்டு அவள் என்னட்டக் கேக்கல்ல." சட்டியை இறக்கி வைத்தாள். "உங்களிட்டத்தானே கேட்டாள்."

வெள்ளாமை வெட்டு முடிந்தது. வளவு மகளின் பெயருக்கு மாறிவிட்டது, மாப்பிள்ளையின் தாய் இந்த முறை தேத்தண்ணியை முழுவதும் குடித்தார், நாளும் வைத்தாயிற்று. தங்கையின் மகள் இப்போது எங்கோ குளிர்த் தேசத்தில் ஆடுகிறாள். பகல் சோற்றுக்குப் பிறகு நான் போனை எடுத்துக்கொண்டு இருக்கிறேன். எரிச்சல் போய்விட்டதா என்றால், அம்மாளாணை, போகவில்லை. முன்பு அவளுடைய கையைப் பார்த்து எரிந்தேன், இப்போது அவளுடைய மனதைப் பார்த்தும் எரிகிறேன். இருக்கிற ஒன்றையும் தூக்கிக் கொடுக்க எனக்கு ஏன் வராமல் போனது? நேற்று ஒரு பந்தை அவள் நெட்டில் போட்டாள். என் வாய் பழக்கத்தில் சிரிக்கப் பார்த்தது. அவள் நிமிர்ந்து நேராகக் கமெராவைப் பார்த்தாள், என்னைத் தேடி. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு, அங்கே வெறும் கதிரைதானே இருக்கும் என்று நினைத்து, திரும்ப எடுத்தேன்.